கலர் பென்சில் எதை வாங்குவது? கேட்டவர்களுக்குப் பதில்

கிருஷ்ணகிரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கலர் பென்சில் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் 'எத்தனை கலர் பெட்டி வாங்கலாம்' என்பதுதான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா: பொண்ணு ஆறாவது படிக்கிறாள், நன்றாக வரைகிறாள். 48 கலர் வாங்கட்டுமா, 72 வாங்கட்டுமா அக்கா?

இரண்டும் வேண்டாம்மா, அதே காசுக்கு நல்லதாக 24 வாங்குங்கள். விலை மலிவான பெரிய பெட்டியில் எண்ணிக்கைதான் கூடும், நிறமி கூடாது. உள்ளே களிமண்ணும் மெழுகும் நிறைய, நிறமி கொஞ்சம். பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் வெளிறித்தான் விழும், கை வலிக்கும், காகிதம் பளபளவென்று வழுக்கிப்போய் அதற்கு மேல் எந்த நிறமும் ஒட்டாது. கடைசியில் தனக்குத்தான் வரைய வரவில்லை என்று அவள் முடிவு கட்டிவிடுவாள், எனக்கு அதுதான் மனசு கேட்காது. பள்ளிக்கூட வேலைக்கும் மேப்புக்கும் டோம்ஸ், கேம்லின் தாராளமாகப் போதும். ஆசைப்பட்டு வரையும் படத்துக்கு என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி எடுத்துக்கொடுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: கடையில் வைத்தே நல்ல பென்சிலை எப்படிக் கண்டுபிடிப்பது மேடம்?

சீவாத பின்பக்க நுனியைப் பாருங்கள். லெட் மரத்துக்குச் சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சீவும்போது ஒரு பக்கம் மரமே மூடியிருக்கும், முனை ஒடிந்துகொண்டே வரும். அப்புறம், நீங்கள் வரையும் காகிதத்திலேயே ஒரு துண்டு கிழித்துக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் விட்டால் மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அழுத்தாமலே நிறம் வர வேண்டும், நடுவில் மணல் மாதிரி கீறக்கூடாது. நீலத்துக்கு மேல் மஞ்சள் போட்டால் பச்சையாக மாற வேண்டும், வழுக்கிக்கொண்டு போனால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பாலிக்ரோமோஸா, பிரிஸ்மாகலரா?

தம்பி, நீங்கள் என்ன வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் எண்ணெய் கலந்தது, மொத்தம் 120 நிறம், கொஞ்சம் கெட்டி, முனை கூராக நிற்கும். முடி, இலை நரம்பு, நடுகல்லின் சின்னச் சின்ன வெடிப்பு இதற்கெல்லாம் நான் அதைத்தான் எடுப்பேன். பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு, 150 நிறம், வெண்ணெய் மாதிரி இழையும், முக ஓவியத்துக்கு அருமை. ஆனால் மெழுகுப் பென்சிலை அடர்த்தியாகப் போட்டால் சில வாரத்தில் மேலே வெள்ளையாக ஒரு மங்கல் படியும், இருட்டு நிறங்களில் நன்றாகவே தெரியும். பயப்பட வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஃபிக்ஸேட்டிவ் (படத்தின் மேல் அடிக்கிற பாதுகாப்பு ஸ்ப்ரே) அடித்தால் சரி.

ஓசூரிலிருந்து: எங்கள் தோட்டத்து ரோஜாவை வரைந்து மாட்டினேன், ஒரு வருடத்தில் வெளுத்துவிட்டது. பென்சில் போலியா?

போலி என்று சொல்லமுடியாது. எனக்கும் இதே நடந்தது, இளஞ்சிவப்பு ரோஜா ஒன்றை ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன், இலை அப்படியே பச்சையாக இருக்க, பூ மட்டும் அழுக்கு வெள்ளையாகப் போயிருந்தது. பிங்க், ஊதா நிறமிகள் பலவும் வெயிலுக்குத் தாங்காது, நல்ல கம்பெனிப் பெட்டியிலும் அந்த நிறங்கள்தான் பலவீனம். அதனால்தான் தரமான பென்சில்கள் பலவற்றின் மேலும் வெளிச்சம் தாங்கும் அளவைக் குறியாகப் போட்டிருப்பார்கள், பாலிக்ரோமோஸில் அது நட்சத்திரம், மூன்று இருந்தால் நல்ல உறுதி. குறியில்லாத பென்சிலை நீங்களே சோதிக்கலாம். எல்லா நிறத்தையும் பட்டை பட்டையாகப் போட்டு, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, நேராக வெயில் விழும் ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். நம்மூர் சித்திரை வெயில் எதையும் மறைக்காது. விற்கப்போகும் படத்துக்கு இதைச் செய்யாமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

அரூரிலிருந்து: சீவச் சீவ ஒடிகிறது அக்கா.

கீழே விழுந்திருக்கும், வெளியே தெரியாமல் உள்ளே லெட் துண்டு துண்டாகியிருக்கும். இல்லையென்றால் ஷார்ப்னர் பிளேடு மழுங்கியிருக்கும், புதிது மாற்றுங்கள்.

பர்கூரிலிருந்து: 12 பென்சிலை வைத்துக்கொண்டு செந்தூரா மாம்பழத்தை வரைய முடியுமா?

தாராளமாக. 12கூட வேண்டாம், ஐந்து போதும். ஆனால் ஏ4 ஜெராக்ஸ் தாளில் வேண்டாம், 150 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேல், விரலால் தடவினால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும் தாள் எடுங்கள், சொரசொரப்பு இருந்தால்தான் நிறம் மேலே மேலே ஏறும். முதலில் வெளிச்சம் படும் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு பழம் முழுக்க மஞ்சள், பென்சிலின் எடை மட்டும் தாளில் விழுகிற மாதிரி. அடுத்து ஆரஞ்சு, பிறகு காம்புப் பக்கத்துத் தோளில் சிவப்பை ஐந்தாறு தடவை மெல்ல மெல்ல ஏற்றுங்கள், ஒரே அழுத்தாக அழுத்தினால் பழம் பிளாஸ்டிக் ஆகிவிடும். நிழலுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம், சிவப்பின் மேல் கொஞ்சம் ஊதா. கீழ்நுனியில் பச்சையைத் தொட்டும் தொடாமலும் வைத்து, கடைசியில் மஞ்சளையே எடுத்து எல்லாவற்றின் மேலும் அழுத்தித் தேய்த்தால் தோலில் அந்த மினுமினுப்பு வந்துவிடும்.