லண்டனுக்குச் சுற்றுலா வருகிறவர் அங்குள்ள பந்தயக் கடையில் பணம் கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். 18 வயது நிரம்பியிருந்தால் போதும். எந்த நாட்டுக்காரர், என்ன விசா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஏப்ரலில் இரண்டு வாரம் வருகிறேன், கடைத்தெருவெல்லாம் இருக்கும் இந்த பெட்டிங் கடைகளில் ஒரு மேட்சுக்கோ குதிரைக்கோ பணம் கட்டிப் பார்க்க ஆசை, சிக்கல் வருமா, எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பக்கம். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள், அதுவும் வீட்டுப் பெண்கள் புடவைக் கடைக்குள் நுழைந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அந்தத் தாழ்ந்த குரலுக்கு இங்கே அவசியமே இல்லை. கிண்டி மைதானத்துக்குள் கட்டினால் ரேஸ், வெளியே கட்டினால் போலீஸ் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் இது விசித்திரமாகத் தெரியும். பிரிட்டனில் 1961 மே 1-ஆம் தேதியிலிருந்து இவை உரிமம் பெற்ற கடைகள். அதற்கு முன்னால் மதுக்கடை மூலையிலும் தொழிற்சாலை வாசலிலும் ஆள் வைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை ஒழிக்க முடியாது என்று தெரிந்ததும் கடையாகவே வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் உள்ளே யாரும் சுகமாக உட்கார்ந்துவிடக் கூடாது என்பதில் அரசாங்கம் கவனமாக இருந்தது. டிவி வைக்கவே 1986 வரை அனுமதி கிடையாது. இப்போது நாடு முழுக்க ஆறாயிரம் கடைகள் அளவில் இருக்கின்றன. வில்லியம் ஹில், லாட்புரோக்ஸ், கோரல், பெட்பிரெட், பேடி பவர் என்ற பெயர்ப் பலகைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பெயர் எதுவானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பது இங்கே வழக்கம். குழந்தைகளோடு வருவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கடைக்குள் இடமே இல்லை. இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறேன், தள்ளுவண்டியில் தூங்குகிற குழந்தைதானே என்பதெல்லாம் செல்லாது. உள்ளே மது குடிக்கவும் கூடாது.

சரி, நுழைந்தாயிற்று. சுவரெல்லாம் திரைகள், ஒன்றில் குதிரை, ஒன்றில் நாய், ஒன்றில் எங்கேயோ நடக்கும் டென்னிஸ். செய்தித்தாளின் ரேஸ் பக்கங்களைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே வெற்றுச் சீட்டுகளும் குட்டிப் பேனாக்களும் இருக்கும். அந்தத் திரைகளில் ஓடும் சில குதிரைகள் கம்ப்யூட்டர் குதிரைகள். நிஜப் பந்தயங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை நிரப்ப ஓடுகிறவை. போர்ட்மன் பார்க் என்று மைதானத்தின் பெயர் வந்தால் அதை வரைபடத்தில் தேட வேண்டாம், அப்படி ஓர் ஊர் இல்லை.

சீட்டில் எழுதுவதுதான் பந்தயம். எந்த ஊர் ரேஸ், எத்தனை மணி ஓட்டம், எந்தக் குதிரை, எவ்வளவு பணம். கால்பந்து என்றால் எந்த ஆட்டம், என்ன முடிவு. இதை எழுதிப் பணத்தோடு கவுன்ட்டரில் கொடுத்தால் பதிவு செய்துகொண்டு உங்களுக்கு ஒரு ரசீது தருவார்கள். நகருவதற்கு முன் அதை ஒரு தடவை படியுங்கள். பெயர், முகவரி எதுவும் கொடுக்காமல் கட்டுகிறீர்கள் அல்லவா? ஆகவே அந்தத் தாள்தான் பணம். தொலைத்துவிட்டு நான்தான் கட்டினேன் என்று நிரூபிப்பது பெரும்பாடு. எழுதத் தயக்கமாக இருந்தால் தொடுதிரை இயந்திரங்களும் உண்டு. ஆட்டத்தைத் தொட்டு, நோட்டைச் செலுத்தினால் சீட்டு வரும். ஆனால் முதல் தடவை கவுன்ட்டருக்கே போங்கள். புரியவில்லை என்று சொன்னால் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நம் வட்டாரத்தில் அது தமிழிலேயே நடந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எவ்வளவு லாபம் என்ற விகிதம், இங்கே பின்னமாக எழுதப்பட்டிருக்கும். 11/4 என்றால் 4 பவுண்டு கட்டினால் லாபம் 11, கட்டிய 4 பவுண்டும் திரும்ப வரும். 10 பவுண்டு கட்டினால் லாபம் 27.50, கைக்கு வருவது 37.50. 4/6 என்பது தலைகீழ்: 6 கட்டினால் 4 லாபம். குதிரையில் இன்னொரு விஷயம் உண்டு. ஆட்ஸ் எதுவும் குறிப்பிடாமல் சீட்டைக் கொடுத்தால் பந்தயம் தொடங்கும் நேரத்தில் என்ன ஆட்ஸோ அதுதான் உங்களுக்கு. திரையில் இப்போது தெரிவது பிடித்திருந்தால், இந்த ஆட்ஸிலேயே வேண்டும் என்று கேஷியரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது ஈச் வே என்ற இடத்தில். கிண்டியில் வின், பிளேஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: வின் என்றால் குதிரை முதலாவதாக வர வேண்டும், பிளேஸ் என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். இங்கே இரண்டையும் சேர்த்து ஒரே சீட்டில் கட்டுவதுதான் ஈச் வே. 5 பவுண்டு ஈச் வே என்று எழுதினால் 10 பவுண்டு கேட்பார்கள். ஏமாற்று வேலை இல்லை, ஐந்து வெற்றிக்கு, ஐந்து இடத்துக்கு. 16 குதிரைகளோ அதற்கு மேலோ ஓடும் ஹேண்டிகேப் பந்தயத்தில் (திறமைக்கேற்பக் குதிரைகள் கூடுதல் எடை சுமந்து ஓடுவது) வழக்கமாக முதல் நான்கு இடங்களுக்கு, ஆட்ஸில் கால் பங்கு கொடுப்பார்கள். உங்கள் குதிரை 20/1, மூன்றாவதாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்குக் கட்டிய ஐந்து போனது. இடத்துக்குக் கட்டிய ஐந்துக்கு 5/1 கணக்கில் லாபம் 25, கட்டிய 5-ஐயும் சேர்த்து 30 கிடைக்கும். குறைவான குதிரைகள் ஓடினால் இடங்களும் பங்கும் மாறும். அது கடைச் சுவரிலேயே எழுதியிருக்கும்.

ஜெயித்தும் கணக்கு குறைகிறதே என்று சண்டைக்குப் போகுமுன் ரூல் 4 என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஆட்ஸை உறுதிசெய்த பிறகு ஒரு பலமான குதிரை ஓடாமல் விலகினால், மற்ற குதிரைகள் ஜெயிப்பது சுலபமாகிவிடுகிறது அல்லவா? அதற்காக லாபத்தில் பிடித்தம் செய்வார்கள். விலகிய குதிரை 2/1-ல் இருந்திருந்தால் பவுண்டுக்கு 30 பென்ஸ். 5/1-ல் 10 பவுண்டு கட்டியவருக்கு 50 லாபம் வர வேண்டிய இடத்தில் 35 வரும். கட்டிய பத்தில் கைவைக்க மாட்டார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. என் மாமாவுக்குப் படவில்லை, ரசீதை ஊருக்கே எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டினார்.

கால்பந்துக்கு வருவோம். வெற்றி, டிரா, தோல்வி என்று கட்டும் சாதாரணப் பந்தயம் 90 நிமிடத்துக்கு மட்டும்தான். காயத்துக்காகச் சேர்க்கும் நிமிடங்கள் கணக்கில் உண்டு, கூடுதல் நேரமும் பெனால்டியும் கிடையாது. 2024 யூரோ கோப்பையில் இங்கிலாந்தும் ஸ்லோவாக்கியாவும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பெல்லிங்ஹாம் 95-ஆவது நிமிடத்தில் தலைகீழாக உதைத்து 1-1 ஆக்கினார். அந்த கோல் செல்லும். அப்புறம் கூடுதல் நேரம் தொடங்கியதுமே ஹாரி கேன் அடித்த கோல் பந்தயக் கணக்கில் சேராது. இங்கிலாந்து 2-1 என்று ஜெயித்து ஊரே தெருவில் ஆடியது. இங்கிலாந்து வெற்றி என்று கட்டியவர்களுக்கு ஒரு பென்ஸ் வரவில்லை, டிராவுக்குக் கட்டியவர்களுக்குத்தான் வந்தது. நாக்-அவுட் ஆட்டம் என்றால் அடுத்த சுற்றுக்குப் போகும் அணி என்று தனியாக ஒரு பந்தயம் இருக்கும். அதைக் கேட்டுக் கட்டுங்கள்.

டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இதே கதைதான், டிரா என்பது தனி முடிவு. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜாவும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் சதமடித்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்களே, அன்று இந்தியா ஜெயிக்கும் என்று கட்டியவரும் தோற்றார், இங்கிலாந்துக்குக் கட்டியவரும் தோற்றார். கிரிக்கெட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பிரிட்டனுக்கு வந்து பந்தயம் கட்டிய வெளிநாட்டவர்களில் மிகப் பிரபலமானவர்கள் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் டென்னிஸ் லில்லியும் ராட் மார்ஷும்தான். 1981 ஹெடிங்லி டெஸ்டில் பாலோ-ஆன் வாங்கியிருந்த இங்கிலாந்துக்கு லாட்புரோக்ஸ் 500/1 கொடுத்தது. எதிரணியில் ஆடிக்கொண்டே லில்லி 10 பவுண்டும் மார்ஷ் 5 பவுண்டும் அதில் கட்டினார்கள். இங்கிலாந்து 18 ரன்னில் ஜெயித்தது, இருவருக்குமாக 7,500 பவுண்டு. இன்றைக்கு ஓர் ஆட்டக்காரர் அதைச் செய்தால் கிரிக்கெட் வாழ்க்கையே முடிந்துவிடும்.

கடையில் மின்னிக்கொண்டிருக்கும் சூதாட்ட இயந்திரங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். விளையாட்டுப் பந்தயத்தில் ஓர் ஆட்டம் முடியும் வரையாவது பொழுது போகும், அங்கே அதுகூடக் கிடையாது. 2019 ஏப்ரல் வரை அந்த ரூலெட் இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை வைக்கலாம், ஒரு சுற்று 20 விநாடி. பிறகு அதை 2 பவுண்டாக வெட்டினார்கள். ஒரே தெருவில் ஏன் இத்தனை கடைகள் என்று எங்கள் ஹை ஸ்ட்ரீட்டைப் பார்த்துக் கேட்பவர்களுக்கும் பதில் இதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஒரு கடைக்கு நான்கு இயந்திரம்தான் வைக்கலாம், அதிகம் வேண்டுமென்றால் இன்னொரு கடை திறக்க வேண்டும். 2013-ல் எங்கள் வட்டாரத்து நியூஹாம் கவுன்சில் ஒரு புதுக் கடைக்கு உரிமம் மறுத்துப் பார்த்தது, நீதிமன்றம் கொடுக்கச் சொல்லிவிட்டது. இரவு வேலை முடிந்து சம்பளத்தோடு நேராக அந்த இயந்திரத்துக்குப் போகும் நம்மாட்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பண விஷயம். ரொக்கம்தான் சுலபம். கிரெடிட் கார்டில் சூதாட 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் தடை. ஊரில் வாங்கிய கார்டுகளை இதற்கு நம்ப வேண்டாம். போனில் கணக்குத் திறந்து கட்டலாமா என்றால், அதற்கு முகவரி உட்பட எல்லாம் சரிபார்த்த பிறகே விடுவார்கள். ஓட்டல் அறையில் இருப்பவருக்குக் கடைதான் சரிப்படும். ஜெயித்த பணத்தில் பிரிட்டன் அரசு வரி பிடிப்பதில்லை, கட்டுகிறவர் தலையில் இருந்த வரியை 2001-லேயே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் வசிப்பவர் என்றால் அங்கே கணக்குக் காட்ட வேண்டும், பந்தய வருமானத்துக்கு 30 சதவீதம். பெரிய தொகை ஜெயித்தால் கடையில் அடையாள அட்டை கேட்கலாம், கொடுங்கள்.

ஊர் திரும்பும் தேதிக்கு முன் முடிந்துவிடும் ஆட்டங்களுக்கே கட்டுங்கள். மே மாதம் முடிகிற லீக்கின் சாம்பியன் யார் என்று ஏப்ரலில் கட்டிவிட்டு விமானம் ஏறினால், ஜெயித்த சீட்டை யாரிடம் கொடுத்து வாங்குவீர்கள்? கடையில் கணக்குத் தகராறு வந்தால் முதலில் அதே நிறுவனத்திடம் புகார், அதில் தீராவிட்டால் ஐபாஸ் என்ற சுயேச்சையான அமைப்பு இலவசமாக விசாரிக்கும்.

ஏப்ரல் என்றதால் கடைசியாக ஒன்று. லிவர்பூல் பக்கம் எய்ன்ட்ரியில் கிராண்ட் நேஷனல் அந்த மாதம்தான், ஒரு சனிக்கிழமை. வருடம் முழுக்கப் பந்தயக் கடைப் படியேறாத பாட்டிகள்கூட அன்று ஒரு பவுண்டாவது கட்டுவார்கள். புதிதாகப் பழக அதைவிட நல்ல நாள் இல்லை, உங்களைப் போலவே ஈச் வே என்றால் என்ன என்று கேட்பவர்கள் வரிசையில் நிறைய இருப்பார்கள். 2024 முதல் 34 குதிரைகள்தான் ஓடுகின்றன, முன்பு 40. தொடங்கும் நேரமும் மாலை 4 மணிக்கு வந்துவிட்டது. மூன்று மணிக்குப் போனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கலாம், காலையிலேயே கட்டிவிட்டு வாருங்கள்.