டெஸ்ட் கேள்வி பதில்: முரளியின் 800 யாரும் விட்டுக்கொடுத்ததல்ல

டெஸ்ட் ஆட்டங்கள் பற்றி மட்டும் கேளுங்கள். ஒருநாள் கணக்கை இதோடு கலக்கவேண்டாம்.

உப்புவெளி: சேர், காலியில் இந்தியாவுக்கு எதிரான கடைசி டெஸ்டில் எங்கள் சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனுக்கு 800ஆவது விக்கெட் கிடைக்கட்டும் என்று மற்றவர்கள் விக்கெட் எடுக்காமல் விட்டார்களாமே?

இல்லை தம்பி. 2010 யூலையில் நடந்த அந்த ஆட்டத்துக்கு முரளி 792 விக்கெட்டோடு இறங்கினார். அதோடு ஓய்வு என்பதையும் முதலே அறிவித்திருந்தார். இந்தியாவின் முதல் இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் மாலிங்கவும் ஐந்து பேரை வீழ்த்தினார். விட்டுக்கொடுக்க நினைப்பவர் அப்படியா பந்து வீசுவார்? ஹர்பஜன் 799ஆவது விக்கெட். பிறகு லக்ஷ்மனை ரன் அவுட் ஆக்கினார்கள். அதோடு மிஞ்சியது ஒரேயொரு விக்கெட். அது வேறு யாருக்காவது போயிருந்தால் 799தான். இஷாந்தும் ஓஜாவும் இலேசில் அசையவில்லை. கடைசியில் ஓஜா தட்டிய பந்தை ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். டெஸ்டில் முரளி வீசிய கடைசிப் பந்தும் அதுதான்.

கிண்ணியா: பிரட்மனின் சராசரி ஏன் 100 ஆகவில்லை?

1948, ஓவல், அவருடைய கடைசி இன்னிங்ஸ். சராசரி 100 ஆக நான்கு ஓட்டம் போதும். ஹொலிஸ் பந்தில் பூச்சியத்துக்கு போல்ட். 99.94.

நிலாவெளி: மத்யூஸ் டைம்ட் அவுட் (குறித்த நேரத்துக்குள் ஆடத் தயாராகாமல் ஆட்டமிழப்பது) ஆனது டெஸ்ட் சாதனையா?

அது 2023 உலகக் கிண்ணம், டில்லியில் நடந்த ஒருநாள் ஆட்டம். முதல் வரியிலேயே சொன்னேன், கலக்கவேண்டாம் என்று. மத்யூஸின் டெஸ்ட் கதை வேறு. 2009இல் மும்பையில் 99, 2022இல் சட்டோகிராமில் 199. இரண்டு எண்ணிலும் ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்.

மூதூர்: கடைசி விக்கெட் முரளிக்குக் கிடைக்கட்டும் என்று மாலிங்க ஸ்டம்புக்கு வெளியே வெளியே போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் மறைக்கிறீர்கள்.

ஒருவர் சாதனைக்கு அருகில் இருக்க, கடைசி விக்கெட் மட்டும் நிற்கும்போது மறுமுனைக்காரர் அடக்கி வீசுவது நடப்பதுதான். 1999இல் டில்லியில் கும்ப்ளேக்குப் பத்தாவது விக்கெட் கிடைக்கட்டும் என்று ஸ்ரீநாத் வெளியே வீசினார், யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆனாலும் எதிரே நிற்பவரை ஆட்டமிழக்கச் செய்வது முரளியின் வேலைதான், அதை யாரும் செய்துகொடுக்க முடியாது. 2002 கண்டி ஆட்டத்தைப் பாருங்கள். சிம்பாப்வேயின் முதல் ஒன்பது விக்கெட்டும் முரளிக்கு. மறுநாள் காலையில் ரசல் ஆர்னல்ட் ஷோர்ட் லெக்கில் ஒரு பிடியை நழுவவிட்டார். பத்தாவது வாஸுக்குப் போனது. 51 ஓட்டத்துக்கு ஒன்பது விக்கெட்டோடு முடிந்தது. நண்பர்கள் நினைத்தால் கிடைத்துவிடும் என்றால் அன்றைக்கே பத்து கிடைத்திருக்கவேண்டும்.

சாம்பல்தீவு: முரளி 800...

மேலே இரண்டு முறை எழுதியிருக்கிறேன், வாசியுங்கள்.

தம்பலகாமம்: திருகோணமலையில் டெஸ்ட் நடந்திருக்கிறதா?

இல்லை. கொழும்பு, மொறட்டுவை, கண்டிப் பக்கம், காலி, அவ்வளவுதான். திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் என்றைக்காவது ஒரு டெஸ்ட் நடக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கன்னியா: இலங்கையர் ஆடிய மிகச் சிறந்த இன்னிங்ஸ் எது?

என் கணக்கில் குசல் பெரேராவின் ஆட்டமிழக்காத 153. 2019 பெப்ரவரி, டேர்பன். இலக்கு 304. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இன்னும் 78 ஓட்டம் வேண்டும். கூட நின்ற விஷ்வ பெர்னாண்டோ எடுத்தது ஆறே ஓட்டம். ஆனால் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர்கள் ஸ்டெயினையும் ரபாடாவையும் தாக்குப்பிடித்து நின்றார். அந்த ஆறையும் சேர்த்துத்தான் நான் அந்த 153ஐப் பார்க்கிறேன்.

மூதூர்: மாலிங்க பற்றி இன்னும்...

ஸ்கோர் அட்டையை எடுத்து, லக்ஷ்மன் எப்படி ஆட்டமிழந்தார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். பேசலாம்.