பேஸ்கட்பால் பந்தயம் கட்டியோ போக்கர் சீட்டு ஆடியோ ஒருவர் வாழ்க்கை நடத்த முடியுமா?

கேள்வி: "காட்பாடியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஐந்து வருடமாக என்பிஏ பார்க்கிறேன், புள்ளிவிவரம் எல்லாம் அத்துப்படி. சரியான உத்தி இருந்தால் பேஸ்கட்பால் பந்தயத்தில் மாதம் ஐம்பதாயிரம் எடுக்க முடியாதா? போக்கரையே தொழிலாக வைத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்களே, இது மட்டும் ஏன் முடியாது?"

இந்தக் கேள்வியை மூன்று நாளாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். முன்பே வந்த பதில்களில் ஒருவர் "சூது குடியைக் கெடுக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னொருவர் ஏதோ டெலிகிராம் குழுவின் லிங்க்கைப் போட்டிருக்கிறார். இரண்டுமே உங்களுக்கு உதவாது, தம்பி. நான் 2021-22, 2022-23 என்று இரண்டு சீசன், அமெரிக்க பேஸ்கட்பால் லீகான என்பிஏ-வின் ஆட்டங்களில் பணம் கட்டியவன். கட்டிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்தவன். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இது சட்டப்படி தப்பு, அப்போதும் தப்புதான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொண்டு கீழே சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஒழுங்காகக் கணக்கு எழுதியதில் எனக்குப் பெருமை உண்டு. அது என் தொழில். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பள்ளியில் படித்த காலத்தில் மாவட்ட அணிக்குப் பேஸ்கட்பால் ஆடியவன். ஆட்டமும் தெரியும், கணக்கும் தெரியும், அப்புறம் என்ன என்றுதான் நானும் இறங்கினேன். நீங்களும் இப்போது அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹாஸ்டலில் யாரோ ஒருவன் ஜெயித்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியிருப்பான்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரை. அலாரம் வைத்து எழுந்து, யார் ஆடுகிறார்கள், யாருக்குக் காயம் என்று கடைசி நேரச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவேன். மேற்குக் கரை ஆட்டங்கள் காலை எட்டரை ஒன்பதுக்கு வரும். அவற்றை பஸ்ஸில் போனில் பார்ப்பேன். மேல்விஷாரம் தாண்டும்போது முதல் குவார்ட்டர், பாலாற்றுப் பாலத்தில் சிக்னல் போய் வரும்.

நான் கட்டியது எல்லாம் ஸ்ப்ரெட்டில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பலமான அணிக்கு ஆறரைப் புள்ளி என்று வைத்தால், அது ஏழு புள்ளியாவது வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதன்மேல் கட்டியவனுக்குப் பணம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு வரும்படி அந்த எண்ணை வைப்பார்கள். ஆனால் நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் கையில் வரும் லாபம் 91 ரூபாய்தான். தோற்றால் போவது முழு நூறு. அந்த ஒன்பது ரூபாயில்தான் பந்தயம் நடத்தும் புக்கியின் கடையே நடக்கிறது. நூற்றுக்கு 52.4 தடவை ஜெயித்தால்தான் நீங்கள் போட்ட இடத்தில் நிற்பீர்கள். லாபம் அதற்கு மேலேதான்.

எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் சூது ராத்திரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சூதில் தோற்றால் காயில் ஏதோ மோசடி என்றே தோன்றும். இங்கே மோசடியே தேவையில்லை. காய் நேர்மையாக உருண்டாலும் அந்த ஒன்பது ரூபாய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

சரி, என் நோட்டு சொல்வது இது. இரண்டு சீசனில் 412 பந்தயம், ஒவ்வொன்றும் 500 ரூபாய். கையிருப்பு இருபத்தைந்தாயிரம், அதில் இரண்டு சதவீதத்துக்கு மேல் ஒரு ஆட்டத்தில் போடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருந்தேன். 1956-ல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி எழுதிய சூத்திரத்தை வைத்துத்தான் அந்த அளவை முடிவு செய்தேன். ஜெயித்தது 221, தோற்றது 191. அதாவது 53.6 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஜெயித்ததில் வந்தது 1,00,555. தோற்றதில் போனது 95,500. மிச்சம் 5,055 ரூபாய். இரண்டு குளிர்காலம் விடியலில் எழுந்ததற்கு.

பெரிய தொகை போட்டிருந்தால் பெரிய லாபம் வந்திருக்குமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒரு காசை 412 தடவை சுண்டிப் பாருங்கள். 206 தலை விழ வேண்டும், ஆனால் பத்துப் பதினைந்து கூடக் குறைய விழுவது சகஜம். என் 221-ம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. நான் திறமைசாலியா, காசு எனக்குச் சாதகமாக விழுந்ததா என்று அந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதைப் பிரித்துச் சொல்ல ஆயிரக்கணக்கான பந்தயம் வேண்டும். அதுவரை எந்தச் சம்பளத்தை நம்பிச் சாப்பிடுவது?

உத்தி என்று எதை நினைக்கிறீர்கள் என்றும் ஊகிக்க முடிகிறது. நேற்று ராத்திரி ஆடிவிட்டு ஊர் மாறி இன்றும் ஆடும் அணி களைத்திருக்கும், அதற்கு எதிராகக் கட்டுவது. எனக்கும் அதுதான் முதல் கண்டுபிடிப்பு. அந்தக் களைப்பு ஸ்ப்ரெட் எண்ணிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது என்று தெரிய எனக்கு ஐம்பது பந்தயம் ஆனது. நமக்குத் தெரிந்தது அந்த எண்ணை வைப்பவனுக்கு நமக்கு முன்பே தெரியும்.

உண்மையாகவே ஜெயித்தவர் ஒருவர் உண்டு, ஹராலபோஸ் வுல்காரிஸ். மொத்தப் புள்ளி எவ்வளவு வரும் என்ற பந்தயத்தில், ஆட்டத்தின் இரண்டு பாதிக்கும் புக்கிகள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்து எண் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நெருக்கமான ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் தோற்கும் அணி கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், ஃப்ரீ த்ரோ குவியும், இரண்டாம் பாதியில் புள்ளி ஏறும். இதை அவர் பிடித்துக்கொண்டு பல வருடம் சம்பாதித்தார். புக்கிகள் விழித்துக்கொண்டதும் அந்த வழி அடைந்தது. அதற்கப்புறம் கணித ஆட்களை வைத்துக் கம்ப்யூட்டர் மாடல் கட்டித்தான் மறுபடி ஜெயித்தார். 2018-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியே அவரை வேலைக்கு எடுத்தது. இத்தனைக்கும் அவர் ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் உட்கார்ந்த ஆள். நீங்கள் அரியர் பேப்பருக்கு நடுவில் அதைச் செய்யப் போகிறீர்கள்.

இப்போது எனக்கு நடந்தது. 2023 ஏப்ரலில், என் பந்தயப் பணத்தை வாங்கி வைத்திருந்த ஏஜென்ட்டிடம் இருந்த முப்பதாயிரத்தைக் கேட்டேன். எட்டாயிரம் வந்தது, அதுவும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து. பத்து நாளில் என் சம்பளக் கணக்கு ஃப்ரீஸ். அந்த எட்டாயிரம் வேறு மாநிலத்தில் ஒரு மோசடிப் புகாரில் சிக்கிய பணமாம். ஏஜென்ட்டின் போன் அன்றிலிருந்து அணைந்தது, மீதி இருபத்திரண்டாயிரமும் போனது. நோட்டில் இருந்த 5,055 லாபம் எந்த மூலைக்கு? நான்கு மாதம் சம்பளம் உள்ளே விழும், எடுக்க முடியாது. ஜூனில் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட மைத்துனரிடம் கை நீட்டினேன். "என்ன மாமா, எதுக்குன்னு சொல்லுங்க, தர்றேன்" என்றார். சொன்னேன். அவர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி அதுவரை நான் விடியலில் மேட்ச் மட்டும் பார்க்கிறேன் என்று நம்பியிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நான் படித்த பள்ளியில் இரண்டு பேஸ்கட்பால் கோர்ட் இருந்தது. காலை ஐந்தரைக்கு பி.டி. சார் விசிலோடு நிற்பார். வேலூர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் அந்த சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியாது என்பதால் அதற்குள் பயிற்சி முடிந்துவிடும். போன வருடம் போய்ப் பார்த்தேன். ஒரு கோர்ட்டில் பள்ளி பஸ்கள் நிற்கின்றன. இன்னொன்றில் போர்டு இருக்கிறது, ரிங் இல்லை. பீஸ் ரசீதில் மட்டும் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு என்பிஏ அணிகள் முப்பதும் பெயர் சொல்லத் தெரிகிறது, கையில் பந்தைக் கொடுத்தால் லே-அப் போடத் தெரியவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோர்ட்டை எடுத்துக்கொண்டு போனைக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். பழைய மாணவர்கள் சேர்ந்து ரிங் வாங்கித் தருகிறோம் என்று கடிதம் கொடுத்தோம், இன்றுவரை பதில் இல்லை.

சரி, போக்கருக்கு வருகிறேன். இது எனக்கு இன்னும் வலிக்கிற பகுதி.

என் நோட்டை நான் ஒரே ஒருவனிடம்தான் காட்டினேன். சின்ன வயதிலிருந்து என்னோடு ஆடிய நண்பன், சென்னையில் ஐடி வேலையில் இருந்தான். கடைசிப் பக்கத்தில் 53.6 என்று பார்த்துவிட்டு, "மச்சான், நீ கமிஷன்ல மாட்டிக்கிட்டு நாயா பேயா அலையறே, போக்கர்ல எதிராளி நம்மள மாதிரி மனுஷன்டா" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. போக்கரில் நீங்கள் கடைக்காரனை ஜெயிக்க வேண்டியதில்லை, மேஜையில் இருக்கும் மற்றவர்களை ஜெயித்தால் போதும். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேஜையில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து கடைக்காரன் ரேக் என்று ஒரு பங்கை எடுத்துவிடுவான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுவது போதாது, அந்தப் பங்கையும் தாண்டி நன்றாக ஆட வேண்டும்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் 2022-ஆம் வருடச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்திருந்த அட்டவணையை ரத்து செய்தது. "கோர்ட்டே சொல்லிடுச்சுடா, இது திறமை ஆட்டம்" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டான். 2024 ஜனவரியில் ஒரு டோர்னமென்ட்டில் 3,80,000 ஜெயித்தான். வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்தான். என் மகளுக்கும் ஒரு பட்டுப்பாவாடை வந்தது.

அந்த வருடக் கடைசியில் அவன் மனைவி என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க ஒருதரம் உட்காந்து கணக்கு பாருங்க, எனக்கு ஒண்ணும் புரியல." இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஸ்டேட்மென்ட்டை எல்லாம் இறக்கிக் கூட்டினேன். உள்ளே போட்டது 6,12,000. சின்னதும் பெரியதுமாக வெளியே வந்தது 4,55,000. டோர்னமென்ட்டில் நுழைகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் ஏதாவது கிடைக்கும், அதிலும் பெரும் பங்கு முதல் சிலருக்கே போகும். ஜெயித்த நாள் அவன் ஞாபகத்தில் இருந்தது, தோற்ற முன்னூறு நாளுக்கு நோட்டு இல்லை. நகை அடகில், ஏலச்சீட்டும் தள்ளி எடுத்தாகிவிட்டது. என் நோட்டிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது அந்த 53.6 என்ற எண்ணை மட்டும், எழுதும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நோட்டை அவனுக்குக் காட்டியது நான்தான். இதை எழுதும்போதும் அது என்னை விடவில்லை.

நீங்கள் சொல்லும் தொழில்முறைப் போக்கர் ஆட்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 2003-ல் ஆன்லைனில் சில பத்து டாலர் கட்டி நுழைவுச் சீட்டு வென்று, 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். மூன்றே வருடத்தில் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். அந்த மீதி ஆட்கள் கட்டிய பணம்தான் ஜெயித்தவரின் பரிசு. 2006-ல் ஜெயித்த ஜேமி கோல்டின் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர், அதில் பாதி தனக்கு என்று ஒருவர் வழக்குப் போட்டார், கடைசியில் சமரசத்தில் முடிந்தது. இந்த உலகில், பரிசில் பங்கு தருவதாகச் சொல்லி மற்றவர் பணத்தில் ஆடுவது சாதாரணம். டிவியில் தெரியும் தொகை முழுவதும் ஆடியவன் பைக்குள் போகிறது என்று நினைக்காதீர்கள். ஸ்டூ உங்கர் 1980, 1981, 1997 என்று மூன்று முறை அதே பட்டத்தை எடுத்தவர். மூன்றாவது முறை நுழைவுக் கட்டணத்தையே இன்னொருவர் கட்டினார், பரிசில் பாதி அவருக்குப் போனது. சீட்டில் சம்பாதித்ததை விளையாட்டுப் பந்தயத்திலும் போதையிலும் விட்டவர். 1998 நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மோட்டல் அறையில் இறந்து கிடந்தார், கையில் சில நூறு டாலர்தான். சீட்டில் அவரைப்போன்ற மூளை இல்லை என்று அந்த வட்டாரமே சொன்ன ஆள் அவர், தம்பி. போக்கரில் அத்தனை கெட்டிக்காரர், விளையாட்டுப் பந்தயத்தில் எல்லோரையும் போலத் தோற்றார். உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் அவரிடம் இருக்கிறது.

"இரண்டு சீசன் ஆடிவிட்டு உபதேசமா, ஒழுக்கம் இருந்தால் ஜெயிக்கலாம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஒழுக்கத்தோடு ஆடியதன் கணக்கைத்தான் மேலே கொடுத்திருக்கிறேன். உங்களுடையதையும் போடுங்கள், ஒவ்வொரு பந்தயமாக, தோற்றதோடு சேர்த்து.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பார்க்காமல் மொத்தமாகத் தடை செய்தது. இங்கேயுள்ள போக்கர் ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. நண்பன் இப்போது ஆற்காட்டில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில்லிங் பார்க்கிறான். மிச்சம் இருப்பது வெளிநாட்டு சைட்டும் டெலிகிராம் ஏஜென்ட்டும்தான். அந்த ஏஜென்ட்டுகள் காலேஜ் பசங்களிடம் "உன் பேங்க் கணக்கை மாதம் ஐயாயிரத்துக்குக் கொடு" என்று கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். எனக்கு வந்த எட்டாயிரமும் அப்படிக் கொடுத்த ஏதோ ஒரு மாணவனின் கணக்கிலிருந்து வந்திருக்கலாம்.

ஆட்டத்தைக் கணிக்கும் ஆசை உங்களுக்கு நிஜமாகவே இருந்தால், ஒரு சீசன் காசு இல்லாமல் நோட்டில் மட்டும் எழுதுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தேதி, ஸ்ப்ரெட், உங்கள் பக்கம், காரணம். நானூறு ஆட்டம் சேர்ந்ததும் இங்கே போடுங்கள், உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன். பணம் கட்டி எழுதிய நோட்டு என்றால் எனக்கு வேண்டாம்.