டெஸ்ட் நார்மல், பரு மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 27 வயது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தாடையோரம் கட்டிகட்டியாகப் பரு வந்து வலிக்கிறது. பார்லரில் 'ஹார்மோன் கோளாறு' என்றார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, முகத்தில் முடியும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீமைத் தடவினால் நான்கே நாளில் அடங்குகிறது. விட்டால் முன்னைவிட மோசமாகிறது. நான்கு மாதத்தில் கல்யாணம். அதற்கப்புறம் தானாகப் போய்விடும் என்கிறார் அம்மா.

பதில்: டெஸ்ட் பொய் சொல்லவில்லை. பரு ஹார்மோனால் வருகிறது என்பதும் உண்மைதான்.

ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டும் உரிய ஹார்மோன் அல்ல. பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைக் கொஞ்சம் சுரக்கின்றன. தோலின் எண்ணெய்ச் சுரப்பி அதை வாங்கி, இன்னும் வீரியமாக்கி, எண்ணெயைக் கூட்டுகிறது. துவாரம் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி, சிவந்து வீங்குகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும். சுரப்பிதான் சிறிய அளவுக்கும் துள்ளும். அதை எந்த லேப் ரிப்போர்ட்டும் காட்டாது. மாதவிலக்கு நெருங்கும்போது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. அந்த ஒரு வாரத்தின் கணக்கு இதுதான்.

உங்களுக்கு அந்த டெஸ்டே தேவைப்பட்டிருக்காது. மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறவர்கள், மோவாயில் தடித்த முடி வளர்கிறவர்கள் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் பெரும்பாலும் மாதவிலக்கின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள், கருத்தடை மாத்திரை சாப்பிடாத காலத்தில் எடுக்க வேண்டும். எந்த நாள் என்றுகூடக் கேட்காமல் ஊசி குத்தி, 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' என்று பணம் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதைவிடக் கவலை அந்த கிரீம்தான். டியூப்பைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கும், அதனால் நான்கு நாளில் முகம் பளிச்சென்றாகும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவந்து, பருவும் கூடும். போன மாதம் ஒரு பெண் பிளாஸ்டிக் கவரில் ஐந்து டியூப் கொண்டுவந்தார், எல்லாம் அடிவரை சுருட்டிப் பிழிந்தவை. ஐந்துமே ஒரே மருந்து, பெயர்தான் வேறு வேறு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இவற்றை 2018-லேயே அரசு தெளிவாகச் சேர்த்துவிட்டது. அட்டையிலும் எச்சரிக்கை அச்சாகிறது. கவுண்டரில் யார் கேட்கிறார்கள்? முகத்தைக் கெடுத்துக்கொண்ட பிறகு எங்களிடம் வருகிறார்கள்.

நிறுத்தியதும் சில வாரங்களுக்கு முகம் எரியும், பரு பொங்கும். பயந்து மறுபடி தடவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். அந்த வாரங்களைக் கடத்தத் தோல் மருத்துவர் மாற்று மருந்து தருவார். எரிச்சல் அடங்கிய பிறகு பருவுக்குத் தடவும் மருந்துகள்: இரவில் அடாபலீன், காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, வெளியே போனால் சன்ஸ்கிரீன். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், அதனால் இப்போதே தொடங்குங்கள். போதாவிட்டால் ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் அல்லது சில வகைக் கருத்தடை மாத்திரைகளை மருத்துவர் எழுதுவார்.

கல்யாணம் என்றீர்கள், அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு மாதம் கூடாது. சிசுவுக்குக் கடுமையான ஊனம் வரலாம். ஸ்பைரோனோலாக்டோனும் கர்ப்பத்தில் ஆகாது. அடாபலீன் தடவுகிற மருந்துதானே என்று நினைக்க வேண்டாம், கர்ப்பத்துக்கு முயலும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும். குழந்தை எப்போது வேண்டும் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் கூச்சப்படாமல் நீங்களே சொல்லுங்கள். தோழிக்கு எழுதிய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கல்யாணத்தால் பரு போகாது, முப்பதைத் தாண்டியும் பலருக்கு வருகிறது. ஃபேஷியலும் முகத்துக்கு ஆவி பிடிப்பதும் இப்போது வேண்டாம். அந்த டியூப்பைத் தூக்கிப் போட்டுவிடாமல் மருத்துவரிடம் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கத்தை அவர் படித்துப் பார்க்க வேண்டும்.