நீர் வழியும் கண்ணில் வறட்சி எப்படி வரும்?

வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: "எனக்கு வயது 47. கோட்டையிலுள்ள காரியாலயம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் கணினி முன் இருந்து வேலை செய்கிறேன். பிற்பகல் மூன்று மணியானால் மணல் விழுந்தது போலக் கண் உறுத்துகிறது, எரிகிறது, சிவக்கிறது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ணீர் வழிகிறது. பாமசியில் கேட்டு, சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை இரண்டு மாதமாகப் போட்டு வருகிறேன். போட்டதும் வெளுக்கிறது, பிறகு முன்னிலும் அதிகமாகச் சிவக்கிறது. கண்ணாடிக் கடையில் பரிசோதித்தவர் இது கண் வறட்சி என்றார். நீர் வழியும் கண் எப்படி வறண்ட கண்ணாகும்?"

நீங்கள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. கண்ணின் மேற்பரப்பைக் காக்கும் கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் அன்று. கருவிழியோடு ஒட்டிப் பிடிக்கும் சளித்தன்மையான பகுதியும், அதற்கு மேல் நீரும், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படையும் சேர்ந்ததே அந்தப் படலம். எண்ணெய் குறைந்தால் அடியிலுள்ள நீர் விரைவில் ஆவியாகி, கருவிழியில் வறண்ட திட்டுகள் தோன்றுகின்றன. அங்குள்ள நரம்புகள் எரிச்சலை உணர்ந்து தூண்டுவதால், கண்ணீர்ச் சுரப்பி திடீரென நீரைக் கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெய் போதிய அளவு இல்லாததால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. ஆகவே நீர் வழிவதே பல வேளைகளில் வறட்சியின் அடையாளமாகிறது.

இந்த எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில், இமைமயிர்களுக்குப் பின்னால் வரிசையாகத் திறக்கும் சிறு சுரப்பிகள். முழுமையாக இமைக்கும் ஒவ்வொரு தடவையும் அவை அழுத்தப்பட்டு எண்ணெய் வெளிவருகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறோம். இமைப்பதும் பாதியில் நின்றுவிடுகிறது. வெளிவராத எண்ணெய், நுவரெலியாக் குளிரில் போத்தலுக்குள் உறையும் தேங்காய் எண்ணெய் போலத் தடித்து, சுரப்பியின் வாயை அடைக்கிறது. வெளியே கடற்காற்றின் ஈரம் நிறைந்த ஊர் என்பதால் கொழும்பில் கண் வறளாது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் எட்டு மணி நேரம் நீங்கள் இருப்பது, ஈரம் உறிஞ்சப்பட்ட ஏசி அறையில்.

முதலில் அந்தச் சிவப்புப் போக்கும் மருந்தை நிறுத்துங்கள். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சற்று நேரம் வெளுப்பாகக் காட்டுமே தவிர, வறட்சியை ஆற்றாது. தொடர்ந்து போடுவோருக்கு, மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் மேலும் விரிந்து சிவப்பு கூடும். நிறுத்திய முதல் சில நாட்கள் கண் இன்னும் சிவந்து தெரியலாம். அதற்காக மீண்டும் போட வேண்டாம். வைத்தியர் எழுதித் தராமல், ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். தொடர்ந்து போட்டால் கண்ணின் அழுத்தம் வலியின்றியே உயர்ந்து பார்வை நரம்பைச் சிதைக்கலாம், கண்புரையும் வரலாம்.

உங்களுக்கு நான் முதலில் சொல்லும் சிகிச்சை வெந்நீர் ஒத்தடம். சுத்தமான துணியைக் கை தாங்கும் சூட்டிலுள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அதன்பின் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மென்மையாக வருடிவிட்டு, இமை விளிம்பைத் துடையுங்கள். காலையும் இரவும் இதைச் செய்தால், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இமையின் உள்விளிம்பில் மை தீட்டும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுரப்பிகளின் வாய் இருப்பது அங்கேதான்.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு உதவும். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் இரசாயனம் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த இரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும். கணினித் திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை தாழ்ந்து, காற்றுப் படும் பரப்புக் குறையும். ஏசிக் காற்றும் மின்விசிறியும் நேரே முகத்தில் படாமல் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தைப் பார்த்து, கண்ணை முழுவதும் மூடி மூடித் திறவுங்கள். தடிமன், தும்மலுக்கென நாம் எளிதாக விழுங்கும் பிரிட்டோன் போன்ற மாத்திரைகளும் கண்ணை வறளச் செய்பவை. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் போன்றவற்றைக் கண்ணில் விடுவதால் கிருமித் தொற்று வரலாம் என்பதால் அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் வறட்சிக்குக் காரணமாகலாம். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டுகளும் வலித்தால், அது உடலின் நோய் எதிர்ப்புத் தொகுதி சுரப்பிகளையே தாக்கும் நோயாக இருக்கக்கூடும். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை. ஆறு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் கண் வைத்தியரிடம் செல்லுங்கள். கீழிமையில் சிறு தாளை ஐந்து நிமிடம் வைத்து நீரின் அளவையும், சாயச் சொட்டு விட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்பதையும் பார்த்து, எந்த வகை வறட்சி என அவர் கண்டறிவார். இதுவரை போட்ட சொட்டு மருந்துப் போத்தல்களையும், உட்கொள்ளும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

கடும் வலி, இமைத்தும் தெளியாத பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், ஒரு கண் மட்டும் சிவந்து பீளை தள்ளுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஆறு வாரம் காத்திராமல், அன்றே கொழும்பு 10இலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள கண் வைத்தியரிடமோ சென்றுவிடுங்கள்.