அம்மாவின் கால் குடைச்சலும் மசாஜ் மெஷினும்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு 63 வயது. ராத்திரி படுத்ததும் கால் குடைய ஆரம்பித்துவிடுகிறது. வலி இல்லை, சதைக்குள் ஏதோ ஊர்கிறது என்கிறார். எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் திரும்ப வருகிறது. நானும் அக்காவும் மாறி மாறிக் கால் பிடித்துவிடுகிறோம். டாக்டர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். மசாஜ் கன் ஒன்று வாங்கினேன், காலில் வைத்திருக்கும்வரை சுகமாக இருக்கிறதாம். இப்போது பூட்ஸ் மாதிரி மாட்டிக் காற்றால் அமுக்கும் மெஷின் வாங்கலாமா என்று யோசனை. விலை அதிகம். அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. உங்களுக்கும் இந்தத் தொந்தரவு இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

மியான்மரின் பெகுவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த மெஷினை இப்போது வாங்காதீர்கள். அதற்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, முதலில் அம்மாவுக்கு பெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இந்தக் குடைச்சல் காலில் தெரிந்தாலும் கோளாறு பெரும்பாலும் மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போதிய இரும்புச்சத்து கிடைக்காமல், டோபமின் என்ற ரசாயனத்தின் வேலை தடுமாறுகிறது என்பதுதான் இன்று மருத்துவர்கள் சொல்லும் விளக்கம். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், "ரத்தம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள், ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிக் கிடக்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின். சாதாரண ஆளுக்குப் போதும் என்று ரிப்போர்ட்டில் போடும் அளவு இந்த நோய்க்காரருக்குப் போதாது. 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுத்த சத்து மாத்திரையில் இரும்பு இருக்கிறதா, எவ்வளவு என்று அட்டையைப் பாருங்கள். நீங்களாகவே அளவைக் கூட்டிவிடாதீர்கள், இரும்பு அதிகமானாலும் கெடுதல்தான்.

இரும்பு மாத்திரையோடு தேநீர் சேராது. நம் ஊரில் சாப்பாட்டு மேசையில் வெறுந்தேநீர் ஃபிளாஸ்க் இல்லாத வீடு ஏது? மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஓரிரண்டு மணி நேரம் அதைத் தள்ளி வையுங்கள், எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு லப்பே என்ற ஊறவைத்த தேயிலை சாப்பிடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதையும் பகலுக்கு மாற்றுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கண் விழிக்கச் சாப்பிடுவது அது, தூக்கமில்லாத மனுஷிக்கு எதற்கு?

இன்னொன்று, தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரையோ அரிப்பு மாத்திரையோ போடுகிறாரா? குளோர்பெனிரமின் போன்றவை இந்தக் குடைச்சலைக் கூட்டக்கூடியவை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் மனச்சோர்வு மருந்துகள் பலவும் அப்படித்தான். டாக்டர் எழுதிக்கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தாமல், அம்மா போடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். சிறுநீரகம் பழுதானாலும் இது வரும், சர்க்கரைக்காரர் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். அது ஏமாற்று இல்லை. நடப்பது, தேய்ப்பது, அதிர்வு எல்லாமே காலிலிருந்து வேறொரு உணர்வை மூளைக்கு அனுப்புகின்றன, அந்த நேரம் குடைச்சல் பின்னால் போய்விடுகிறது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நீங்கள் சொல்லும் காற்றமுக்க மெஷினுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பதாகவே சொல்கிறார்கள். அதிரும் மெத்தைத் துண்டு தூக்கத்துக்கு உதவலாம், குடைச்சலைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறார்கள். ஆனால் காற்று மெஷினை ஆராய்ச்சியில் பயன்படுத்தியது, குடைச்சல் தொடங்கும் நேரத்துக்கு முன்பே, தினமும் ஒரு மணி நேரமாவது. நம் மின்வெட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் நிச்சயம் என்று யார் சொல்ல முடியும்? சார்ஜ் நிற்கிற மசாஜ் கன்னே இங்கே உபயோகம். எனக்கும் அதுதான் துணை, படுப்பதற்கு முன் கெண்டைக்காலிலும் தொடையிலும் மெதுவான வேகத்தில் வைத்துக்கொள்வேன்.

அம்மா விஷயத்தில் மட்டும் கவனம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு சுடுகிறது என்று அவருக்கே தெரியாது. அதனால் சூடு வரும் மசாஜர் வேண்டவே வேண்டாம். எலும்பின் மேலும், புடைத்த நரம்பின் மேலும், புண்ணின் மேலும் வைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் மசாஜும் கூடாது, பிடித்துவிடவும் கூடாது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காற்று மெஷின் வாங்குவதென்றாலும் காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

இரும்பு கொடுத்தும் அடங்கவில்லை என்றால் காபபென்டின், பிரகாபலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. முன்பு முதலில் கொடுத்துவந்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் நாள்பட்டால் நோயையே கூட்டிவிடுகின்றன என்று இப்போது தயங்குகிறார்கள். யாராவது எழுதிக்கொடுத்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அதுவரை நீங்களும் அக்காவும் பிடித்துவிடுவதை நிறுத்த வேண்டாம்.