டிவி தொடரைப் படமாக்கக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: 2021-ல் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்காக, பிளஸ் டூ படிக்கும் ஐந்து நண்பர்களைப் பற்றி வாராந்திர நகைச்சுவைத் தொடர் எழுதினேன். தனியார் சேனல் ஒன்றில் ஒளிபரப்பானது. கதை, திரைக்கதை என்னுடையது. வசனத்தில் நண்பர் ஒருவரும் கூட இருந்து எழுதினார். அப்போது நிறுவனம் கொடுத்த ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஒருவர் வந்து, "தயாரிப்பாளர் ரெடி, அந்த ஐந்து பசங்களை வைத்தே சினிமா எடுக்கலாம். கம்பெனி ஒரு வருஷத்துக்குள் படம் எடுக்கவில்லை, அதனால் சட்டப்படி உரிமை உங்களுக்கே திரும்பிவிட்டது. டைட்டிலையும் நான் பதிந்துவிட்டேன்" என்கிறார். 100 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். ஜிபேயில் 11,000 ரூபாய் அட்வான்ஸும் போட்டுவிட்டார். கையெழுத்துப் போடலாமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: போடாதீர்கள். 2021 ஒப்பந்தத்தை விஷயம் தெரிந்த ஒருவர் முழுசாகப் படித்துச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். அதன் நகல் உங்களிடம் இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லை. இல்லாமல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நம் ஊரில் எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்குவது ஷூட்டிங்குக்கு முந்தின நாள் ராத்திரி. "காப்பி அப்புறம் மெயில் பண்றோம் சார்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஆகவே முதல் வேலையாக நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டு நகல் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். ஒரு தொடரில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. படம்பிடிக்கப்பட்ட எபிசோடுகள் பணம் போட்டவருடையவை. அது தயாரிப்பு நிறுவனமாகவோ சேனலாகவோ இருக்கலாம். நீங்கள் எழுதிய கதையும் திரைக்கதையும் வேறு சொத்து. எழுத்து மூலம் அதை விட்டுக்கொடுக்காத வரை அது உங்களுடையதுதான். 'ஆரண்ய காண்டம்' வழக்கில் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் போட்டது: எடுத்த படத்தை வேறு மொழியில் டப் செய்ய தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, ஆனால் திரைக்கதையை வைத்து மறுபடி ஒரு படம் எடுக்க எழுதியவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எதை, எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் கேள்வி.

இங்கேதான் அந்த இடைத்தரகர் சொன்ன "ஒரு வருஷக் கணக்கு" வருகிறது. அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பதிப்புரிமைச் சட்டத்தில் 19(4) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், அந்த உரிமையைப் பொறுத்தவரை ஒப்படைப்பு காலாவதியாகிவிடும். இதை யாரோ வாட்ஸப்பில் எழுதி, அது கோடம்பாக்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தின் கடைசித் துண்டை மட்டும் யாரும் அனுப்புவதில்லை: "ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் தவிர." நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் வேறுவிதமாகத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். நாலாவது ஐந்தாவது பக்கத்தில், சின்ன எழுத்தில், "19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது" என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி இருந்தால், கம்பெனி பத்து வருடம் படம் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாலும் தானாக எதுவும் திரும்பாது. அந்த வரி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கம்பெனி சும்மா இருக்காது. "தொடரை எடுத்தோமே, உரிமையைப் பயன்படுத்திவிட்டோமே" என்று வாதாடும். நீங்கள், "டிவி உரிமையைப் பயன்படுத்தினீர்கள், சினிமா உரிமையைப் பயன்படுத்தவில்லை" என்று பதில் வாதம் வைக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் உங்கள் வாதத்துக்கு இடம் தருகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது வாதம்தான், கையில் இருக்கும் சொத்து அல்ல. வாதத்தை வைத்துக்கொண்டு "உரிமை என்னுடையது" என்று இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

அதே 19-ஆம் பிரிவில் உங்களுக்கு உதவக்கூடிய இன்னொன்று இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தால், சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். 2021-ல் போட்ட ஒப்பந்தம் 2026-ல் முடியும் கணக்கு. "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதியிருந்தால் இந்தக் கதவும் மூடியது. வாங்கி முடக்கி வைத்தவரிடமிருந்து உரிமையை ரத்து செய்து தரும்படி கேட்கவும் 19ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு முன்பு தனி வாரியம் இருந்தது, பிறகு அதை இன்னொரு வாரியத்தோடு சேர்த்தார்கள், 2021-ல் அதையும் கலைத்து வேலையைக் கோர்ட்டுகளிடம் தள்ளிவிட்டார்கள். பிளஸ் டூ பசங்களைப் பற்றிய கதைக்கு அந்த வழியில் தீர்ப்பு வாங்குவதற்குள் அந்தப் பசங்களுக்கே பிள்ளைகள் பிளஸ் டூ வந்துவிடும்.

நகல் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படித்துக் குழம்ப வேண்டாம். உங்களுக்கு உயிர்நாடி ஒரு பத்தி. கதாபாத்திரங்கள், தொடர்ச்சி, கிளைக்கதை, தழுவல் இவற்றையெல்லாம் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லும் பத்தி. நண்பர்கள் கூட்டத்தைப் பற்றிய தொடரில் எபிசோடு கதைக்குப் பெரிய மதிப்பு இல்லை. மதிப்பு முழுக்க அந்த ஐந்து பேரிடம்தான்.

பிரிட்டனில் 'தி இன்பிட்வீனர்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. 2008 முதல் 2010 வரை மூன்று சீசன், மொத்தமே 18 எபிசோடு. வில், சைமன், ஜே, நீல் என்று நாலு பையன்கள், பள்ளிக்கூடம், அசட்டுத்தனம், அவ்வளவுதான். 2011-ல் அதைப் படமாக்கினார்கள். பள்ளிப் படிப்பை முடித்த நாலு பேரும் கிரீட் தீவில் மாலியா என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். தொடரின் எந்த எபிசோடையும் நீட்டிப் படமாக்கவில்லை. ஊர் புதுசு, சம்பவம் புதுசு, ஆட்கள் மட்டும் அவர்களே. சுமார் 35 லட்சம் பவுண்டில் எடுத்த படம் பிரிட்டனில் மட்டும் சுமார் 4.5 கோடி பவுண்டு வசூலித்தது. 2014-ல் அதே நாலு பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி இரண்டாவது படமும் எடுத்தார்கள். எழுதிய இயன் மோரிஸும் டேமன் பீஸ்லியும் தொடரைத் தயாரித்த ப்வார்க் நிறுவனத்தையே நடத்தியவர்கள். எழுதியவர்களும் தயாரித்தவர்களும் ஒரே மேசையில் இருந்தார்கள். உங்கள் நிலைமை அது இல்லை. உங்கள் ஐந்து பேரும் இப்போது யாருடைய பெயரில் இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பத்தி சொல்லும்.

"பேரை மாத்திட்டா போதும் சார், யாரும் கேட்க முடியாது" என்ற யோசனையும் சீக்கிரம் வரும். பள்ளி நண்பர்கள் ஐந்து பேர் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லைதான். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு ஓர் அளவுகோலையும் வைத்தது: இரண்டையும் பார்த்தவருக்கு, பிந்தையது முந்தையதன் நகல்தான் என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் வருகிறதா? உங்கள் படத்தை விற்கப்போவதே 'அந்த சீரியல் பசங்க' என்று சொல்லித்தானே. பெயரை மாற்றிவிட்டு, போஸ்டரில் அவர்களையே காட்டினால், கம்பெனி வக்கீலுக்கு வேலை மிச்சம்.

டைட்டில் பதிந்தது பற்றி ஒரு வார்த்தை. தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. உச்ச நீதிமன்றமே 2015-ல் சொன்னது. தயாரிப்பாளர் சங்கத்தில் தலைப்பைப் பதிவது உறுப்பினர்களுக்குள் சண்டை வராமல் இருக்க வைத்த ஏற்பாடு. அந்த ரசீதைக் காட்டி "உரிமை எங்கிட்ட" என்று சொல்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது உங்களுக்கு விவரம் தெரியாது என்று நம்புகிறவர். எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவதும் அப்படித்தான். இந்தத் தேதியில் இந்தக் கதை உங்களிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி, உரிமைப் பத்திரம் அல்ல.

இப்போது அந்த முத்திரைத்தாளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். "மேற்படி கதையும் கதாபாத்திரங்களும் எனக்கு மட்டுமே பாத்தியப்பட்டவை என்றும், இதன் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்றும், பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் அதை என் சொந்தச் செலவில் நானே நிவர்த்தி செய்து தருகிறேன் என்றும்..." நிலக் கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பரை எடுத்துவிட்டுக் கதையின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சிரிப்பாக இருந்தாலும், அந்த மூன்றாவது வரிதான் உங்களை மாட்டிவிடும். நாளைக்குக் கம்பெனி வழக்குப் போட்டு ரிலீஸ் நின்றால், தயாரிப்பாளர் நஷ்டத்தை உங்களிடம் கேட்பார். வக்கீல் செலவும் உங்கள் தலையில். இடைத்தரகர் பெயர் அந்தப் பத்திரத்தில் சாட்சி என்றுகூட இல்லை, பார்த்தீர்களா? கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்னொரு வகையினர் 'பவர்' எழுதி வாங்குவார்கள்; அதை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். 100 ரூபாய் தாளில் எழுதினால் இல்லாத உரிமை உண்டாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

11,000 ரூபாய் வந்ததால் உரிமை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. ஆனாலும் இன்றைக்கே அந்தப் பணத்தை வந்த எண்ணுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, "எந்த உரிமையும் நான் தரவில்லை, தொகையைத் திருப்பிவிட்டேன்" என்று ஒரு மெசேஜும் போட்டுவிடுங்கள். "ஓகே சார்", "பண்ணிடலாம் சார்" போன்ற பதில்களை இனி தட்டாதீர்கள்.

அப்படியானால் படமே எடுக்க முடியாதா? முடியும். தயாரிப்பாளர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தால், அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பாதிக் கேஸ் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இருந்தால், அவரும் நீங்களும் சேர்ந்து பழைய கம்பெனியிடம் போய் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்கலாம். பயன்படுத்தாத உரிமையை ஒரு தொகைக்கு விட்டுக்கொடுக்கப் பல கம்பெனிகள் தயாராகவே இருக்கும். உங்களோடு தயாரிப்பாளர் போடும் ஒப்பந்தம் முதல் கட்டமாக 12 மாதத்துக்கு மட்டும் இருக்கட்டும். அதற்குள் படம் தொடங்காவிட்டால் எல்லாம் உங்களிடமே திரும்ப வேண்டும். இந்த இடத்தில் 19(4)-ஐ நம்பாமல், ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி வாங்குங்கள். இரண்டாம் பாகம் வந்தால் உங்களுக்கு என்ன என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். படம் ஓடிய பிறகு கேட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் யாரும் உங்களிடமிருந்து எழுதி வாங்க முடியாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே படம் பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. அதை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. திரைக்கதை எழுத்தாளர் கைக்கு அந்தப் பணம் வந்து நான் பார்த்தது அபூர்வம். அதனால் முன்பணத்தைக் குறைத்துக்கொண்டு "பின்னால் ராயல்டி வருமே" என்று சமாதானமாகாதீர்கள்.

வசனத்தில் கூட இருந்த நண்பரை மறக்க வேண்டாம். அவர் வரிகள் படத்தில் வரப்போகிறது என்றால் அவர் கையெழுத்தும் வேண்டும். இப்போதே ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசி, பங்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். பட பூஜை போட்ட பிறகு பேசினால் அவர் கேட்கும் விலை வேறாக இருக்கும்.